கோல் கம்பு வரைக்கும்

பரமசிவன் அண்ணாச்சியைப் பற்றி எழுதுவதென்றால் அவருடைய குதிரையிலிருந்து தொடங்குவதா, அவருடைய சாமியிலிருந்து தொடங்குவதா என்று எனக்குக் குழப்பம் வந்துவிடுகிறது. இரண்டும் அவர் சொன்னபடி கேட்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. குதிரை சில நாள் கேட்காது.

அண்ணாச்சி ஜட்கா வண்டிக்காரர். தென்காசி ரயிலடிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஓட்டம். ஆனி பிறந்து, சாரல் விழுந்து, அருவியில் தண்ணீர் வந்துவிட்டது என்று தெரிந்தால் போதும், மதுரையிலிருந்தும் பட்டணத்திலிருந்தும் ஆட்கள் துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாக வந்து இறங்குவார்கள். அந்தச் சீசன் ஓட்டத்தில்தான் அவர் வீட்டு அடுப்பு வருஷம் முழுக்க எரிய வேண்டும். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். குற்றாலத்தில் இறங்கும்போது சவாரிக்காரருக்கு அண்ணாச்சியின் குடும்ப வரலாறும் குதிரையின் வயிற்றுக் கோளாறும் ஒன்றுவிடாமல் தெரிந்திருக்கும்.

எங்கள் ஊர் வடக்குப்பொத்தை. தென்காசிக்கும் இலத்தூருக்கும் இடையில், தேடிப் பார்த்தால் அகப்படும். அங்கே சுடலைமாட சாமிக்கு அவர்தான் சாமியாடி. அவருடைய அப்பா, தாத்தா என்று வழிவழியாக ஆடிய குடும்பம். ஆடி மாதக் கொடைத் திருவிழாவுக்குக் கச்சை கட்டி, வல்லயம் என்கிற நீள ஈட்டியைப் பிடித்து நிற்பார். ஆனால் அவருக்குக் கொட்டு வேண்டும். மேளக்காரர்கள் சூடு பிடிக்கும்வரை கொட்டாவி விட்டுக்கொண்டு, யார் வீட்டு மாடு கன்று போட்டது என்று பக்கத்தில் விசாரித்துக்கொண்டிருப்பார். கொட்டு ஏற ஏறத் தோள் துடிக்கும். அப்புறம் பேசுவது அவர் இல்லை. நான் வேதக்காரன், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற பிள்ளை. அந்தக் குரல் கேட்டால் நானும்தான் இரண்டு அடி பின்னால் போவேன்.

அவருக்கு ஒரே மகன் சுடலைக்கண்ணு. என் வயசு, என் சோட்டுப் பையன். படிப்பு அவனுக்கும் ஒட்டவில்லை, அவன் படிப்புக்கும் ஒட்டவில்லை. ஆனால் அந்தக் கைகள் இருக்கின்றனவே! மாமரத்தில் ஏறி நாங்கள் உலுக்கினால் ஒரு காயைக்கூட மண்ணில் விழ விடாமல் பிடிப்பான். அதைப் பார்த்துத்தான் எங்கள் விடிவெள்ளி வாலிபர் சங்கத்தின் கால்பந்து அணிக்கு அவனை கோல்கீப்பராகப் போட்டோம். சங்கத்துக்குச் செயலாளர் அடியேன் ஞானதுரை. செயலாளர் என்றால் பந்துக்குக் காற்றடிப்பவன் என்று அர்த்தம்.

அண்ணாச்சிக்கு மகன் பந்து விளையாடுவதில் சங்கடம் ஒன்றும் இல்லை. எந்த விளையாட்டு விளையாடினாலும் கடைசியில் கச்சையை அவன்தான் கட்டியாக வேண்டும் என்று இருந்தார். "எனக்குப் பொறவு எவம்லே ஆடுவான்? நீயா வந்து ஆடுவே?" என்று என்னிடம் கேட்பார். நான் ஆடினால் பாதிரியார் என்னை ஊரைவிட்டே ஆட வைத்துவிடுவார்.

ஐம்பத்தேழாம் வருஷத்து ஆடியில், ரயிலடியில் ஒரு கனத்த மனிதர் அண்ணாச்சி வண்டியில் ஏறினார். ரிசர்வ் போலீஸ் இன்ஸ்பெக்டர். போலீஸ் கால்பந்து அணியைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். குளிப்பதற்காக லீவு போட்டு வந்திருந்தார். வண்டி மேலகரம் தாண்டியதும் பேச்சு பந்து விளையாட்டுக்குத் திரும்பியிருக்கிறது.

"எங்க டீம்ல எல்லாரும் இருக்கான்யா, ஒரு நல்ல கோல்கீப்பர்தான் இல்லை" என்று அவர் சலித்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணாச்சிக்கு வாய் சும்மா இருக்குமா? "ஐயா, எம்மவன் ஒருத்தன் இருக்கான். பந்து என்ன, மழைத்துளிய எறிஞ்சாலும் புடிச்சிருவான். வாற ஞாயித்துக்கெழம சாய்ங்காலம் எலத்தூர்க்காரனுவளோட ஆட்டம் இருக்கு. நானே வந்து வண்டியில கூட்டிட்டுப் போறேன், பாத்துக்கிடுங்க" என்று மார்தட்டிவிட்டார்.

"நல்லா ஆடினா கையோட வேலையில சேத்துக்கறேன். பாளையங்கோட்டையில டிரெய்னிங். அப்புறம் மெட்ராஸோ, கோயமுத்தூரோ" என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கிறார்.

அதற்கப்புறம் குற்றாலம் வரைக்கும் அண்ணாச்சி வாயே திறக்கவில்லையாம். அவர் பேசாமல் வண்டி ஓட்டியது அன்றைக்கு ஒருநாள்தான் என்று குதிரை வேண்டுமானால் சாட்சி சொல்லும்.

செய்தி கேட்ட சுடலைக்கண்ணு தரையில் நிற்கவில்லை. போலீஸ் வேலை! காக்கிச் சட்டை, மாதச் சம்பளம், அதற்கும் மேலே, பந்து பிடிப்பதற்குச் சம்பளம். அவனுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். இதை விட்டால் காலம் முழுக்கக் குதிரைக்குக் கொள்ளு வைக்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமையை நினைத்து அவன் சாப்பாட்டைக் குறைத்தான். சாப்பிட்டால் எம்ப முடியாதாம்.

வெள்ளிக்கிழமை காலையில் இடி விழுந்தது. கொடைக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள்.

வழக்கமாக ஆடிக் கடைசியில்தான் எங்கள் ஊர்க் கொடை. அந்த வருஷம் சாமி அண்ணாச்சி மேல் வந்து, அடுத்த வெள்ளிக்கிழமையே வேண்டும் என்று கேட்டுவிட்டதாம். கையில் மஞ்சள் கயிறு கட்டியாகிவிட்டால், கொடை முடிந்து அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டியவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு வீட்டுக்கு ஒரு கதை இருந்தது. எல்லாக் கதையிலும் வயிற்றுப்போக்கு வரும். அண்ணாச்சி தமக்கு ஒரு காப்பு, மகனுக்கு ஒரு காப்பு, எங்கள் அணியில் இன்னும் நாலு பேருக்குக் காப்பு என்று கட்டிவிட்டார். போலீஸ்காரர் வந்து பார்த்துக் கையோடு கூப்பிட்டாலும் பாளையங்கோட்டைக்குப் பையன் எப்படிப் போவான் என்கிற கணக்கு. நான் சும்மா விடுவேனா? சண்டைக்கே போனேன்.

"அண்ணாச்சி, இது அடுக்குமா? வேணும்னுதான செஞ்சீங்க?"

"நான் என்னலே செய்ய? சாமி கேக்குது." குதிரையின் முதுகைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். முகத்தைத் திருப்பவில்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி குருவம்மாள் குரல் கொடுத்தாள். "சீசன் உச்சியில வண்டியை அவுத்துப் போட்டுட்டு உக்காந்திருக்காரு பாரு. அவரும்தான கட்டியிருக்காரு, குத்தாலத்துக்கு எப்படிப் போவாரு? சாமிக்கு எங்க அடுப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியல போல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகனைப் பிடித்து வைக்க அந்த மனிதர் தன் சீசன் பிழைப்பையே நிறுத்தியிருக்கிறார். அவ்வளவு பாசம். கோபம் வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது. பாவத்தைக் காட்டாமல் கோபத்தை மட்டும் காட்டிவிட்டு வந்தேன்.

எங்கள் மைதானம் என்பது ஊருக்கும் தென்காசி ரோட்டுக்கும் நடுவில் கிடந்த பொட்டல். அதன் ஓரத்தில் பாதித் தூரத்தில் ஊர் எல்லைக்கல் நட்டிருக்கும். கல்லுக்கு இந்தப் பக்கம் வடக்குப்பொத்தை, அந்தப் பக்கம் இலத்தூர். நடுக்கோடு போட அளப்பதற்குச் சோம்பல்பட்டு, அந்தக் கல்லிலிருந்து நேராகக் கோடு இழுத்துத்தான் நாங்கள் விளையாடிவந்தோம். இருபுறமும் மூங்கில் கம்பு நட்டால் கோல். எல்லையும் நடுக்கோடும் ஒன்று என்பது அதுவரை யாருக்கும் பிரச்சினையாக இல்லை.

"பாதி மைதானம் எல்லைக்குள்ளதானலே இருக்கு?" என்றான் சுடலைக்கண்ணு. இரண்டு நாள் யோசித்துக் கண்டுபிடித்திருந்தான். "நாங்க அஞ்சு பேரும் இந்தப் பாதியில நின்னுக்கிடுதோம். நீங்க அந்தப் பாதிக்கும் போங்க."

நாங்கள் என்றால் நான், அப்துல் மஜீது, என் சித்தப்பா மகன்கள் இரண்டு பேர். மிச்சம் இரண்டு ஆட்கள் குற்றாலத்தில் மங்குஸ்தான் கடை போட்டிருந்தார்கள். ஆள் அனுப்பிக் கூப்பிட்டதற்கு, பந்து நாளைக்கும் உருளும், பழம் நாளைக்கு அழுகிவிடும் என்று பதில் வந்தது. ஆக ஒன்பது பேர். அதிலும் ஐந்து பேர் பாதி மைதானத்துக்கு மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாரல் பூவாகத் தூவிக்கொண்டிருந்தது. ரெஃபரி தென்காசியிலிருந்து வந்த டிரில் மாஸ்டர் அருமைநாயகம் சார். விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தன் நடுக்கோட்டைத் தாண்டியே ஆகவேண்டும் என்று விதிப் புத்தகத்தில் எங்கும் இல்லை என்றார். எங்களைவிட அவருக்குத்தான் அது உற்சாகமாக இருந்தது. டாஸில் ஜெயித்து, ஊர்ப்பக்கத்துக் கோலைக் கேட்டு வாங்கினோம்.

பரமசிவன் அண்ணாச்சி எல்லைக்கல்லின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். யாராவது தாண்டுகிறார்களா என்று பார்ப்பதற்கு. லைன்ஸ்மேன் இல்லாத குறையும் தீர்ந்தது.

முதல் பாதி எங்களுக்குச் சொர்க்கம். காப்புக் கட்டிய ஐந்து பேரும் வீட்டு வாசலைக் காக்கிற மாதிரி காத்தார்கள். சுடலைக்கண்ணு இடமும் வலமும் பாய்ந்து, இலத்தூர்க்காரர்கள் அடித்த அத்தனையையும் பிடித்தான். மஜீது ஒருமுறை பந்தோடு தனியாக ஓடிப்போய் ஒரு கோலும் போட்டுவிட்டான். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, இன்ஸ்பெக்டர் வரவில்லை என்பதைத் தவிர. சுடலைக்கண்ணு ஒவ்வொரு பந்தையும் பிடித்துவிட்டு ரோட்டைப் பார்த்தான்.

இடைவேளையில் வந்தார். வாடகை சைக்கிள் ஒன்றின் பின்னால், இரண்டு பக்கமும் கால் தொங்க, தலையில் எண்ணெய் மினுக்க வந்து இறங்கினார். சைக்கிள் மிதித்தவனுக்கு உயிர் மிச்சம் இருந்ததே பெரிது.

"எங்கேயா அந்த ஜட்காக்காரன்? நானே வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னானே! இவ்வளவு நேரம் ரோட்டுல நின்னேன்!"

அண்ணாச்சி எழுந்துபோய், பொட்டலில் மேய்ந்துகொண்டிருந்த தம் குதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டார். குதிரை நகர்ந்துவிட்டது.

இரண்டாம் பாதிக்குப் பக்கம் மாற வேண்டும். எங்கள் கோல் இப்போது ரோட்டுப்பக்கம், எல்லைக்கு வெளியே. சுடலைக்கண்ணு அங்கே போக முடியாது. ஆக நான் கோல்கீப்பர். எனக்குப் பந்து வருவது தெரியும், அதற்குள் போய்விடும். எங்கள் ஐந்து சூரர்களும் எதிரி கோலுக்கு முன்னால் போய் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றார்கள். பந்து அவர்களிடம் போகும்போதெல்லாம் அருமைநாயகம் சார் ஆஃப்சைடு விசில் ஊதினார். ஒருதரம் ஆஃப்சைடு இல்லாமல் பந்து உயரமாகச் சுடலைக்கண்ணுவிடம் போனது. பழக்க தோஷம்! எம்பி இரண்டு கையாலும் அழகாகப் பிடித்துவிட்டான். ஊரே தலையில் அடித்துக்கொண்டது.

"இவன்தான் கோல்கீப்பரா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டது எனக்கே கேட்டது. "பிடிக்கிறதெல்லாம் நல்லாத்தான் பிடிக்கிறான். எந்த இடத்துல பிடிக்கணும்னு தெரியலையே!"

முதல் பாதியில் அவன் பிடித்ததை ஆளுக்கு ஆள் அவரிடம் சொன்னார்கள். எந்த ஊரில்தான் தங்கள் பையனைக் குறைத்துச் சொல்வார்கள்? கேட்டுக்கொண்டே சைக்கிள்காரனைத் தேடினார்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். எங்கள் கோலுக்கு முன்னால் ஒரே நெரிசல். மஜீது விழப்போகிறவன் எதையாவது பிடிக்க வேண்டுமே என்று பந்தைப் பிடித்தான். பெனால்டி. அடிக்க வந்தவன் இலத்தூர் கேப்டன் பால்வண்ணநாதன். அவன் தொடை என் இடுப்பு அளவு இருக்கும். இன்ஸ்பெக்டர் சைக்கிளில் ஏறப்போனவர், பெனால்டி என்றதும் நின்றார்.

எனக்குச் சட்டென்று புத்தி வந்தது. இப்போது இந்தக் கோலில் சுடலைக்கண்ணு நின்றால்? ஒரே ஒரு பந்து. அந்த மனிதர் பார்க்க இதுதான் கடைசிச் சமயம்.

"ஏலே சுடல! வாலே! வந்து நில்லுலே! ஒரு நிமிசந்தாம்லே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவன் நடுக்கோடு வரைக்கும் ஓடிவந்தான். கால் பெருவிரல் கோட்டில் முட்டியது. அங்கேயே நின்றுவிட்டான். ஒரு எட்டு வைத்தால் போதும். யாரும் தடுத்திருக்க முடியாது. மஞ்சள் கயிறு கட்டிய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான். பத்தொன்பது வயசுப் பையன், இத்தனை ஆட்களுக்கு முன்னால் கண்ணில் நீர் வழிய நின்றான். அப்பாவைத் திரும்பிப் பார்க்கவுமில்லை, கெஞ்சவுமில்லை.

"நான் வரமாட்டேம்லே ஞானதுரை. எங்க அப்பா கெட்டினது."

அவ்வளவுதான் சொன்னான். மறுபடி எல்லைக்கல் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்த அண்ணாச்சிக்குக் கேட்டது. அவர் மகனைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடி மகனைப் பார்த்தார்.

அவர் தோள் துடித்தது.

கொட்டு இல்லை, மேளம் இல்லை. சாரல் விழும் சத்தம் மட்டும்தான். "ஊய்" என்று ஒரு கூக்குரல் எழும்பியது. குருவம்மாள் "சாமி வந்துட்டு!" என்று அலறினாள். துண்டு ஒரு பக்கம் விழ, கண் சிவக்க, அண்ணாச்சி எழுந்து மைதானத்துக்குள் வந்தார். வெளியாள் உள்ளே வந்தால் ஊத வேண்டிய விசிலை அருமைநாயகம் சார் வாய்வரை கொண்டுபோனார். அந்தக் கண் அவர் பக்கம் திரும்பியதும் விசில் பைக்குள் போய்விட்டது.

"எம் எல்லை எதுலே?" என்றது சாமி. அந்தக் குரல்தான். நான் பின்னால் போகப் பார்த்தேன், பின்னால் கோல் கம்பு. "எவம்லே இங்கன கல்லு நட்டான்? எங்கிட்டக் கேட்டு நட்டானா? அந்தா நிக்கே கம்பு, அது வரைக்கும் எனக்குத்தாம்லே! நான் ராத்திரி வேட்டைக்குப் போற எடம்லே அது!"

ஊர் சனம் அப்படியே கும்பிட்டு விழுந்தது. இலத்தூர்க்காரர்கள் திருதிருவென்று விழித்தார்கள். பால்வண்ணநாதனுக்குத்தான் துணிச்சல். "சாமி, இது எங்க ஊரு எடம்லா..." என்று இழுத்தான்.

சாமி அவனை நெருங்கிப் போய், மடியிலிருந்து திருநீறு எடுத்து நெற்றி நிறைய அப்பியது. "ஒன்னையும் நான்தாம்லே காக்கேன். அடிலே பந்தை!"

இதற்கு மேல் யார் என்ன பேசுவது? நான் கோலை விட்டு வெளியே வந்தேன். சுடலைக்கண்ணு கோட்டைத் தாண்டினான். தாண்டும்போது குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கோல்கீப்பர் மாறியதை ரெஃபரியிடம் சொன்னேன். சாமியிடமே சொல்லியாகிவிட்டதே என்கிற மாதிரி அவர் தலையாட்டினார்.

நெற்றித் திருநீறு சாரலில் கரைந்து கண்ணுக்குள் இறங்க, பால்வண்ணநாதன் ஓடிவந்து அடித்தான். குறை சொல்லக் கூடாது, நல்ல அடி. வலது மூலைக்குப் போனது. சுடலைக்கண்ணு முழு நீளத்துக்குப் பாய்ந்து, மஞ்சள் கயிறு கட்டிய கையால் தட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு சேற்றில் புரண்டான். எழுந்தபோது முகத்தில் பல் மட்டும்தான் தெரிந்தது.

எல்லோரும் அவனைத் தூக்கினோம். இன்ஸ்பெக்டர் சேற்றில் இறங்கி வந்து அவனுடைய இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொடை முடிஞ்சு, வர்ற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் பாளையங்கோட்டைக்கு வந்துரு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க சாமி கிட்ட உத்தரவு வாங்கிக்கோ" என்றார். அதற்குள் சாமி மலையேறிவிட்டது. அண்ணாச்சி ஒன்றும் தெரியாதவர் மாதிரி துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

கொட்டு இல்லாமல் சாமி வருமா என்று ஊரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. இலத்தூர்க்காரர்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். அடுத்த வருஷம் முதல் காப்புக் கட்டியவர்கள் கோல் கம்பு வரைக்கும் தாராளமாகப் போய் வந்தார்கள். மூங்கில் இற்றுப்போனபோது ஊரே சேர்ந்து புதுக் கம்பு நட்டது. சுடலைக்கண்ணு ஆடிக்கு ஆடி லீவு போட்டு வந்து, போலீஸ் கிராப்புத் தலையோடு கச்சை கட்டி அப்பா பக்கத்தில் நின்றான். அண்ணாச்சி அறுபத்தாறாம் வருஷம் வரைக்கும் ஆடினார். அப்புறம் முட்டி ஒத்துழைக்கவில்லை. அதற்கு முன்பே ஜட்காவை பஸ் விழுங்கிவிட்டது. குதிரை, கடைசிவரை சொன்ன பேச்சுக் கேட்காமலே போய்ச் சேர்ந்தது.

எனக்கு மறக்காதது பையன் புறப்பட்ட அந்தத் திங்கட்கிழமைதான். கொடை முடிந்து மற்றவர்களுக்கெல்லாம் காப்பு அவிழ்த்தாகிவிட்டது. சாமியாடிக்கு மட்டும் எட்டாம் நாள் பூஜை முடிந்தால்தான் அவிழ்ப்பார்கள். ஆகவே அண்ணாச்சி பஸ் ஏற்றிவிட ரோட்டுக்கு வர முடியாது. தகரப் பெட்டியை அவரே தலையில் வைத்துக்கொண்டு பொட்டலில் நடந்தார். எல்லைக்கல் வந்தது. பழக்கத்தில் கால் நின்றது. பிறகு ஞாபகம் வந்து, கல்லைத் தாண்டி, பாதி மைதானம் மகனோடு கூடவே நடந்தார். கோல் கம்பு வந்ததும் பெட்டியை இறக்கி என்னிடம் கொடுத்தார். மகன் காலில் விழுந்தான். திருநீறு பூசிவிட்டு, போதாது என்று மறுபடியும் எடுத்துப் பூசினார். அன்றைக்குச் சாமி ஒன்றும் வரவில்லை, அவர்தான்.

பஸ் வந்து அவன் ஏறிப்போன பிறகு நான் திரும்பி வந்தேன். அண்ணாச்சி ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி நின்றார்.

"ஏலே ஞானதுரை," என்றார் கடைசியில். "ரோடு வரைக்கும்னே சொல்லியிருக்கலாம்லே."